ஜோடியாக ஓட்டும் நெடுந்தூர மலைச் சைக்கிள் பந்தயம்: முதன்முறை ஓட்டுபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் ஆண்டுதோறும், பெரும்பாலும் மார்ச் மாதத்தில், ‘கேப் எபிக்’ என்ற மலைச் சைக்கிள் பந்தயம் நடக்கிறது. எட்டு நாள் பந்தயம். முதல் நாள் குறுகிய தூரத்தில் ஒரு முன்னோட்டம். அடுத்த ஏழு நாட்களும் நெடும் ஓட்டம். பாதை ஒவ்வோர் ஆண்டும் மாறும். அண்மைக் காலத்தில் மொத்தத் தூரம் ஏறக்குறைய 600 முதல் 700 கிலோமீட்டர் வரை இருக்கிறது. ஏறும் ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் சுமார் 15,000 மீட்டர் வரும். தார்ச்சாலை அரிது. திராட்சைத் தோட்டங்களின் நடுவே போகும் மண்பாதை, சக்கரம் புதையும் மணல், உருளும் கற்கள், ஒரு சைக்கிள் மட்டுமே நுழையக்கூடிய ஒற்றையடிப் பாதை என்று மாறி மாறி வரும். இதில் தனியாளாகப் பெயர் கொடுக்க முடியாது. இருவர் சேர்ந்து பதிவு செய்ய வேண்டும். சேர்ந்தே ஓட்ட வேண்டும். சேர்ந்தே முடிக்க வேண்டும்.

கோஸ்ட்டா ரிக்காவின் ‘லா ரூட்டா’ பந்தயத்தில் ஓட்டிய கெவின் வெர்மாக் என்ற தென்னாப்பிரிக்கர், தன் நாட்டிலும் இப்படி ஒன்று நடக்க வேண்டும் என்று தொடங்கியது இது. முதல் பந்தயம் 2004இல் நைஸ்னா நகரிலிருந்து புறப்பட்டது. ஜோடியாக ஓட்டும் முறை அதற்கு முன்பே இருந்தது. ஆல்ப்ஸ் மலைகளைக் கடக்கும் ‘டிரான்ஸ்ஆல்ப்’ பந்தயம் 1998 முதல் இருவர் அணிகளாக நடந்துவந்தது. ஆனால் ஜோடிப் பந்தயம் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ளக் கேப் எபிக்கைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஒலிம்பிக் வீரர்களும், ஆண்டு முழுவதும் அலுவலகம் போய்வருபவர்களும் ஒரே நாளில் ஒரே பாதையில், ஒரே விதிகளுக்குக் கட்டுப்பட்டு ஓட்டும் பந்தயம் அது.

சைக்கிள் பந்தயத்தில் ‘அணி’ என்றதும் பலருக்கும் டூர் டி பிரான்ஸ்தான் நினைவுக்கு வரும். அங்கே அணி என்பது ஒரு தலைவருக்காக மற்றவர்கள் உழைப்பது. தலைவரின் சக்கரம் பஞ்சரானால் கூட இருப்பவர் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரம் நிற்பார், தலைவர் போய்விடுவார். இன்னொரு வகை, 24 மணி நேரத் தொடரோட்டப் பந்தயங்கள். ஒருவர் ஒரு சுற்று ஓட்டி வந்ததும் அடுத்தவர் கிளம்புவார். மற்றவர்கள் கூடாரத்தில் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். ஜோடிப் பந்தயம் இந்த இரண்டும் இல்லை. இங்கே கடிகாரம் நிற்பது இரண்டாவது ஆள் கோட்டைத் தாண்டும்போதுதான். ஆகவே சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துத் தியாகம் செய்வதில் பொருளே இல்லை. சக்கரம் இல்லாமல் பின்னால் நிற்பவரும் வந்து சேர்ந்தால்தான் உங்கள் நேரம் பதிவாகும்.

இறுதிக் கோட்டில் மட்டும் சேர்ந்துகொண்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். கேப் எபிக்கில் இருவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. வழியில் உள்ள சோதனை இடங்களில் இதைப் பார்ப்பார்கள். மீறினால் ஒரு மணி நேரம் தண்டனையாகச் சேர்க்கப்படும். பல மணி நேரம் உயிரைக் கொடுத்து மிதித்துச் சேமித்த பத்து நிமிடத்தை, கூட வந்தவரை விட்டுப் பிரிந்த சில நிமிடங்கள் விழுங்கிவிடும். ஆள் நடமாட்டமில்லாத மலைச்சரிவில் ஒருவர் விழுந்து தோள்பட்டையை முறித்துக்கொண்டால், அதை உடனே அறியவும் உதவி தேடவும் இன்னொருவர் அருகில் இருப்பார். இந்த ஒரு காரணம் போதும், இந்த விதி எனக்குப் பிடித்துப்போக.

இந்த விதியால் என்ன நடக்கிறது என்பதை ஒரு சிறிய கணக்கில் பார்க்கலாம். ஒரு ஜோடியில் ஒருவர் ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவார், மற்றவர் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவார் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்குப் பெரிய வேறுபாடாகத் தெரியாது. ஆனால் நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள ஏற்றத்தை முதலாமவர் 24 நிமிடத்தில் முடிப்பார். இரண்டாமவருக்கு 30 நிமிடம் ஆகும். ஒரே ஏற்றத்தில் ஆறு நிமிட இடைவெளி. ஜோடியின் வேகம் என்பது 10க்கும் 8க்கும் இடைப்பட்ட 9 அல்ல, அது 8தான். சரியாக ஓட்டாவிட்டால் அந்த 8கூட மிஞ்சாது.

ஏன் மிஞ்சாது? வலுவானவர் மேலே போய்க் காத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். உச்சியில் காற்று வீசுகிறது; வியர்த்த உடல் குளிர்கிறது; தொடைத் தசை இறுகுகிறது. கீழே இருப்பவருக்கோ, தன்னால் ஒருவர் காத்திருக்கிறார் என்ற நினைப்பே சாட்டை. தன் அளவுக்கு மீறி மிதிக்கிறார். நாக்குத் தள்ள வந்து சேர்ந்ததும், போதுமான ஓய்வு எடுத்துவிட்டவர் உடனே கிளம்பிவிடுகிறார். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்குக் கிடைப்பதில்லை. இப்படி நான்கு ஏற்றம் போனால், 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறியவர் பிற்பகலில் 6 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுவார். அதன் பிறகு ஜோடியின் வேகமும் 6தான். புதிய ஜோடிகள் முதல் நாளிலேயே சிக்கும் இடம் இது. தவறு பின்தங்கியவருடையது என்றுதான் பெரும்பாலும் பேசிக்கொள்வார்கள். என் கணிப்பில் அது முன்னால் போனவருடையது.

ஆகவே ஜோடிப் பந்தயத்தின் முதல் கேள்வி, இருவரில் யார் வேகமானவர் என்பதல்ல. வேகமானவரிடம் மிச்சம் இருக்கும் பலத்தை எங்கே, எப்படிச் செலவழித்தால் அது மற்றவருக்குப் போய்ச் சேரும் என்பதுதான்.

இதற்குக் கொஞ்சம் இயற்பியல் உதவும். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைவு. காற்றின் தடை பெரிதாக இருக்காது. அங்கே எதிரி எடை மட்டும்தான். சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நிலைமை தலைகீழ். மிதிக்கும் உழைப்பில் பெரும்பங்கைக் காற்றே தின்றுவிடும். முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவர் பின்சக்கரத்தை ஒட்டியே மற்றவர் வந்தால், பின்னவருக்கு ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை உழைப்பு மிச்சமாகும். கேப் பகுதியில் கோடை நெடுக ‘கேப் டாக்டர்’ என்று பெயர் பெற்ற தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும். அது எதிரே வரும் நாளில் இந்த மிச்சம் இன்னும் கூடும். வலுவானவர் தன் உபரி பலத்தைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான். ஏற்றத்தில் அடங்கி ஏறிவிட்டு, சமதளத்தில் கிலோமீட்டர் கணக்கில் முன்னால் நின்று இழுக்க வேண்டும். சம பலமுள்ள ஜோடிதான் முறை வைத்து மாறி மாறி முன்னால் வர வேண்டும். வேறுபாடு அதிகமுள்ள ஜோடியில் பலம் குறைந்தவர் ‘என் முறை’ என்று முன்னால் வருவது மரியாதைக்காகச் செய்வது. அதில் இருவருக்கும் நட்டம்.

பின்னால் ஒட்டி ஓட்டுவது தார்ச்சாலையில் எளிது. கல்பாதையில் தனிக் கலை. முன்சக்கரத்துக்கும் முன்னவரின் பின்சக்கரத்துக்கும் இடையே அரை மீட்டர்தான் இருக்கும். அவர் உடல் மறைப்பதால் எதிரே கிடக்கும் கல் உங்களுக்குத் தெரியாது. எனவே முன்னால் போகிறவர் இருவருக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘கல்’, ‘மணல்’, ‘இடப்பக்கம் பள்ளம்’ என்று ஒற்றைச் சொற்களில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அதைவிட முக்கியமானது வளைவு. வளைவில் இருவரும் பிரேக் பிடிக்கிறார்கள். முன்னவர் வளைவை விட்டு வெளியே வந்ததும் பழக்கத்தில் ஓங்கி மிதிக்கிறார். பின்னவர் அப்போதும் வளைவுக்குள்தான் இருக்கிறார். பத்து மீட்டர் இடைவெளி விழுந்துவிட்டது. அதை மூட, காற்றில் தனியாக மிதித்து ஓட வேண்டும். ஒரு நாளில் இப்படி இருநூறு வளைவு வந்தால் முன்னவர் செய்த உதவி முழுவதும் வீண். வளைவிலிருந்து வெளியேறியபின் நான்கைந்து மிதி மெதுவாக மிதித்து, பின்னால் டயர் சத்தம் நெருங்கி வருவதைக் காதில் வாங்கிக்கொண்டு பிறகு வேகம் எடுப்பவர்தான் நல்ல கூட்டாளி. திரும்பிப் பார்க்கவே தேவையில்லை.

ஏற்றத்தில் வரிசையை மாற்றுங்கள். மெதுவாக ஏறுபவர் முன்னால், வலுவானவர் பின்னால். வேகத்தை முன்னவர் தன் மூச்சுக்கு ஏற்ப வைத்துக்கொள்வார். யாரையும் துரத்தும் எண்ணம் வராது. பின்னால் வருபவர் முன்னவரின் சக்கரத்தை இடிக்கிற மாதிரி நெருங்கி அவசரப்படுத்தக்கூடாது. ஏற்றத்தில் அவர் செய்யக்கூடிய உதவி இரண்டு. ஒன்று, சுமை. உதிரி டியூப், பம்ப், கருவிகள், கூடுதல் தண்ணீர், மழைச் சட்டை எல்லாம் வலுவானவர் முதுகிலும் சைக்கிளிலும் இருக்கட்டும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ இருக்கும் ஒருவரிடமிருந்து ஒன்றரைக் கிலோவைக் குறைத்தால், 30 நிமிட ஏற்றத்தில் சுமார் அரை நிமிடம் குறையும். ஒரு ஏற்றத்துக்கு அரை நிமிடம் என்றால், எட்டு நாளைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, கை. கேப் எபிக்கில் ஒருவர் இன்னொருவரின் இடுப்பில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே ஏறுவது சாதாரணக் காட்சி. இது யார் வேண்டுமானாலும் செய்துவிடக்கூடியது போலத் தெரியும். பயிற்சி இல்லாவிட்டால் இருவரும் விழுவார்கள். உள்ளங்கை முதுகின் அடிப்பகுதியில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே பதிய வேண்டும். தோளில் வைத்தால் ஹேண்டில்பார் திரும்பிவிடும். வெடுக்கென்று தள்ளாமல், சீராக அழுத்திக்கொண்டே போக வேண்டும். தள்ளப்படுபவர் மிதிப்பதை நிறுத்தவும் கூடாது, கிடைத்த உதவியில் உற்சாகமாகி வேகத்தைக் கூட்டவும் கூடாது. கையை வைக்குமுன் ஒரு சொல், எடுக்குமுன் ஒரு சொல். மேடுபள்ளமில்லாத, அகலமான மண்சாலை ஏற்றத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். தள்ளச் சொல்லிக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் உண்டு. அந்தக் கூச்சத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். கை தருபவர் தன் நேரத்தையும்தான் காப்பாற்றிக்கொள்கிறார்.

இறக்கத்தில் கணக்கு வேறு. ஏற்றத்தில் வலுவானவரே இறக்கத்திலும் திறமைசாலி என்று சொல்ல முடியாது. இறக்கத்தில் கைதேர்ந்தவர் முன்னால் போகட்டும். எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் போகிறார், எங்கே பிரேக் பிடிக்கிறார் என்பதைப் பார்த்துப் பின்னவர் வரலாம். ஆனால் மார்ச் மாதத்துக் காய்ந்த மண்ணில் முன்சக்கரம் கிளப்பும் புழுதி பாதையையே மறைத்துவிடும். அப்போது நெருக்கத்தை மறந்து இடைவெளி விட வேண்டும். இறக்கத்தில் ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் ஒரு நிமிடம்தான் நட்டம். தன் திறமைக்கு மீறித் துரத்தி விழுந்தால் பந்தயமே போய்விடும். முன்னவர் கீழே போய்க் காத்திருக்கலாம். காத்திருக்கும் அந்த நேரத்தில் சாப்பிடலாம்.

பஞ்சரும் உடைசலும் வராத ஜோடி அரிது. இன்றைய மலைச் சைக்கிள் டயர்களில் டியூப் இருக்காது. உள்ளே வெண்ணிறத் திரவம் இருக்கும். முள் குத்தினால் அதுவே அடைத்துக்கொள்ளும். கூரான கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் அதனால் முடியாது. சீறல் சத்தத்தோடு திரவம் காலில் தெறிக்கும். அந்தக் கணத்தில் ஜோடியாக ஓட்டுவதன் அருமை தெரியும். ஒருவர் சைக்கிளை நிறுத்தி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைச் சுழற்றுகிறார். திரவம் ஓட்டைப் பக்கம் தேங்குகிறது. அதற்குள் மற்றவர் பசை தடவிய ரப்பர் திரியை ஊசியில் கோத்துவிட்டார். திரி உள்ளே போகிறது, ஊசி வெளியே வருகிறது. முதலாமவர் கையில் காற்றுக் குப்பி தயாராக இருக்கிறது. பழகிய ஜோடி ஒன்றிரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடும். பழகாத ஜோடி, திரி யார் பையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும். சுமையெல்லாம் வலுவானவரிடம் என்று மேலே சொன்னேன். திரியும் காற்றுக் குப்பியும் மட்டும் விதிவிலக்கு. அவை இருவரிடமும் இருக்க வேண்டும். இறக்கத்தில் முன்னால் போய்விட்டவருக்குப் பின்னவரின் குரல் கேட்காது. முடிந்தால் இருவரும் ஒரே ரகச் சைக்கிளை வைத்துக்கொள்ளுங்கள். கியர் மாற்றியைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். ஒரே ரகம் என்றால் ஒரே உதிரித் துண்டு இருவருக்கும் ஆகும்.

வழியில் ஆங்காங்கே தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும். தண்ணீர், உப்பு கலந்த பானம், பழம், உருளைக்கிழங்கு கிடைக்கும். இங்கே நேரத்தைத் தொலைப்பது மிக எளிது. இருவரும் என்ன சாப்பிடலாம் என்று பார்த்துக்கொண்டு நிற்பதைவிட, வேலையைப் பிரித்துக்கொள்வது மேல்: ஒருவர் இரண்டு பேரின் பாட்டில்களையும் நிரப்பட்டும், மற்றவர் செயினைத் துடைத்து எண்ணெய் விடட்டும். நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான அளவு. களைப்பும் வெயிலும் சேர்ந்தால் பசியே தெரியாது. சாப்பிட மறந்தவர் அதைத் தானாக உணர்வதற்குள் நேரம் கடந்திருக்கும். கூட வருபவருக்கு முன்பே தெரிந்துவிடும். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிடுவார். நேரான பாதையில் சக்கரம் அலையும். அப்போது அறிவுரை சொல்லாமல், உறையைப் பிரித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். நடுங்கும் விரலால் உறையைப் பிரிக்க முடியாமல் ‘அப்புறம் சாப்பிடுகிறேன்’ என்று பையில் திரும்பப் போட்டுக்கொள்பவர்களைக் காப்பாற்ற இதைவிட வழியில்லை.

பேச்சிலும் பக்குவம் வேண்டும். ‘நன்றாக இருக்கிறாயா?’ என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது அக்கறைதான். ஆனால் திணறிக்கொண்டிருப்பவர் காதில் அது குத்தலாக விழும். பலம் குறைந்தவரே தன் நிலையை அவ்வப்போது சொல்லிவிடுவது என்று முன்கூட்டி ஒப்புக்கொள்வது நல்லது. ஒன்று முதல் பத்துக்குள் ஒரு எண் போதும். ‘ஏழு’ என்றால் இதே வேகம். ‘ஒன்பது’ என்றால் குறை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வருவதையும் நிறுத்த வேண்டும். அதற்குச் செலவாகும் மூச்சு ஏற்றத்துக்குத் தேவைப்படும்.

உச்சத்தில் இருப்பவர்களுக்கும் இதே பாடம்தான். ஆண்கள் பிரிவில் ஐந்து முறை வென்றவர்கள் ஜெர்மனியின் கார்ல் பிளாட்டும் சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோஃப் சவுசரும். பிளாட் வென்றது மூன்று வெவ்வேறு கூட்டாளிகளோடு: 2004இல் மானி ஹைமன்ஸ், 2007, 2009, 2010இல் ஸ்டெஃபான் சாம், 2016இல் உர்ஸ் ஹூபர். சவுசருக்கும் மூன்று கூட்டாளிகள். 2006இல் சில்வியோ புண்டியோடு வென்ற அவர், 2011, 2012 இரண்டு ஆண்டும் தன்னைவிடப் பதினொரு வயது இளையவரான தென்னாப்பிரிக்காவின் பர்ரி ஸ்டாண்டரோடு வென்றார். 2013 ஜனவரியில் பயிற்சியின்போது வாகனம் மோதி ஸ்டாண்டர் இறந்துபோனார். அந்த மார்ச் மாதத்தில் சவுசர், இலண்டன் ஒலிம்பிக் தங்கம் வென்ற செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவியோடு களமிறங்கி மீண்டும் வென்றார். 2015இலும் அதே ஜோடி. கூட்டாளி மாறியும் வெற்றி தொடர்ந்திருக்கிறது என்றால், கூட ஓட்டுவது என்பதே இந்த இருவரும் கற்றுத் தேர்ந்த தனித் திறமை என்றுதான் கொள்ள வேண்டும்.

பெண்கள் பிரிவில் டென்மார்க்கின் அன்னிகா லாங்வாட் 2018 மார்ச்சில் அமெரிக்காவின் கேட் கோர்ட்னியோடு சேர்ந்து வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் லென்சர்ஹைடேயில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் இருவரும் எதிரெதிரே ஓட்டினார்கள். கோர்ட்னிக்குத் தங்கம், லாங்வாட்டுக்கு வெள்ளி. அடுத்த ஆண்டு லாங்வாட் சேர்த்துக்கொண்டது சாலைப் பந்தய உலக சாம்பியனான நெதர்லாந்தின் அன்னா வான் டெர் பிரெகனை. மலைப்பாதையில் கைதேர்ந்த ஒருவரும் காற்றை எதிர்த்து மணிக்கணக்கில் மிதிக்கக்கூடிய ஒருவரும் சேர்ந்த அந்த ஜோடி 2019 பட்டத்தை எடுத்துக்கொண்டது. ஒரே மாதிரி இருவர் வேண்டும் என்பதில்லை.

நீங்கள் கூட்டாளி தேடும்போது, நண்பர்களில் யார் மிக வேகமாக ஓட்டுகிறார் என்று பார்க்காதீர்கள். ஏற்றத்தில் உங்களுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, இருவரின் நோக்கமும் ஒன்றா என்று கேளுங்கள். ஒருவருக்கு இடம் முக்கியம், மற்றவருக்கு எட்டு நாளை முடித்தால் போதும் என்றால் மூன்றாம் நாளே மனக்கசப்பு வந்துவிடும். பயிற்சியில் ஒரு நாள் சேர்ந்து ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். தொடர்ந்து இரண்டு நாள், ஐந்தாறு மணி நேரம் ஓட்டுங்கள். முதல் நாள் எல்லோரும் நல்லவர்கள். இரண்டாம் நாள், தொடை வலியோடும் தூக்கக் குறைவோடும் கிளம்பும்போது அவர் எப்படிப் பேசுகிறார், நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதுதான் தெரிய வேண்டியது.

கடைசியாக, பலரும் பேசத் தயங்கும் ஒன்று. ஒருவருக்குக் காய்ச்சலோ எலும்பு முறிவோ வந்து நின்றுவிட்டால் மற்றவர் என்ன செய்வது? கேப் எபிக்கில் மீதியிருப்பவர் விரும்பினால் தனியாகத் தொடரலாம். அணிப் பட்டியலில் மட்டும் இடம் கிடையாது. சிலர் கூட்டாளியோடு தாங்களும் விலகிவிடுகிறார்கள். சிலர் தொடர்ந்து ஓட்டி முடிக்கிறார்கள். இரண்டும் நேர்மையான முடிவுகளே. ஆனால் விலகியவர் ‘நீ போ’ என்று மனதாரச் சொல்கிறாரா, வாயளவில் சொல்கிறாரா என்று மருத்துவக் கூடாரத்தில் நின்று கண்டுபிடிக்க முடியாது. நுழைவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே இருவரும் உட்கார்ந்து இதைப் பேசி முடித்துவிடுங்கள். தண்டனை நேரம், தள்ளிவிடும் கை, சாப்பாடு எல்லாவற்றையும் அதே உட்காரலில் பேசிவிடலாம்.